யானையா, பன்றியா?

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் தாங்கி வந்த முதல் வெள்ளி ரூபாய்க்கு 1911-ஆம் ஆண்டில் நேர்ந்த கதி விந்தையானது. பம்பாய், கல்கத்தா ஆகிய இரு அக்கசாலைகளிலும் சேர்த்து ஏறத்தாழ 94 லட்சம் காசுகள் அடிக்கப்பட்டன. மக்கள் கைக்கு வந்தவையோ 7 லட்சமே. அவற்றுள்ளும் பல திரும்பப் பெறப்பட்டு, கருவூலத்தில் தேங்கியவற்றோடு சேர்த்து உருக்கப்பட்டன. இத்தனைக்கும் காரணம் மன்னரின் அங்கியிலே, உற்று நோக்கினாலன்றிப் புலப்படாத ஒரு சின்னஞ்சிறு யானை!

இந்தியப் பேரரசு விருது என ஒன்றை ஆங்கில ஆட்சியினர் 1878-இல் ஏற்படுத்தியிருந்தனர். அவ்விருதின் ஆரத்திலே யானை உருவங்கள் கோக்கப்பட்டிருக்கும். அந்த ஆரத்தை அணிந்தவராகவே மன்னரை வடித்தார் சிற்பி பெர்ட்ரம் மெக்கென்னல். அவர் வடித்தது யானைதான். ஆனால் அதன் கால்களும் குறுகிய வாலும் மக்களுக்கு வேறொன்றை நினைவூட்டின. காசிலே பன்றியைப் பொறித்துவிட்டார்கள் என்ற பேச்சு பரவிற்று. வாங்க மறுத்தார்கள். அரசும் அடுத்த ஆண்டே அச்சைத் திருத்திவிட்டது. தோட்டாவில் தடவிய கொழுப்பைப் பற்றிய ஐயம் 1857-இல் என்ன விளைத்தது என்பதை அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள் என்றே எண்ணுகிறேன்.

இதனைப் பாமரரின் அறியாமை என்று சிரித்து ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மகராகக் கொடுப்பதற்கும் ஸகாத்தாக எண்ணி வைப்பதற்கும் உரிய காசு அது. அதிலே விலக்கப்பட்ட விலங்கின் சாயல் தெரிகிறது என்று ஒருவர் மனம் கூசினால், அந்தக் கூச்சத்தை மதிப்பதுதான் முறை. முஸ்லிம்கள் மட்டுமா? அந்த விலங்கை இழிவாகக் கருதிய பிறரும்தான் முகம் சுளித்தார்கள்.

1912-ஆம் ஆண்டிலிருந்து வந்த ரூபாய்களில் யானையின் காது விளிம்பிட்டுத் தெளிவாக இருக்கும், கால்கள் பருத்திருக்கும், வால் நீண்டிருக்கும். எனவே 1911 என்ற ஆண்டும் பருத்த கால் யானையும் ஒரே காசில் சேர்ந்து காணப்பட்டால், கடைசி எண்ணின் மீது எவரோ கை வைத்திருக்கிறார் என்று ஐயுறலாம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1911-ஆம் ஆண்டு ரூபாயைப் பிழைக்காசு என்று சொல்வது பொருந்தாது. அச்சு எப்படி இருந்ததோ அப்படியே காசும் விழுந்தது. அது ஒரு வகை; அவ்வளவே. பிழை என்பது அடிக்கும்போது நேர்வது. வட்டு நகர்ந்துவிட்டால் உருவம் ஒருபுறம் ஒதுங்கி விழும். முன்னே அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வட்டிலே அதே முகம் குழிந்தும் இடவலம் மாறியும் பதியும். அச்சிலே வெடிப்பு விழுந்தால் காசிலே அது மேடான கோடாகத் தெரியும். பள்ளமான கோடோ பெரும்பாலும் கீறல். அக்கசாலையை விட்டு வந்தபின் பட்ட காயம். விரல் நுனியால் தடவியே இதனை ஓரளவு அறியலாம்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. எங்கள் தெருவிலே கணவரை இழந்த ராத்தா ஒருவர், தம் தாயார் விட்டுச் சென்ற 17 வெள்ளி ரூபாய்களைச் சேலைத் தலைப்பில் முடிந்து எடுத்து வந்தார். பேத்தியின் கல்லூரிக் கட்டணத்திற்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, இதிலே ஒரு காசு பிழையாக அடித்ததாம். மூன்று லட்சம் தருகிறோம் என்று தொலைபேசியிலே சொல்கிறார்கள். ரிசர்வ் வங்கி அனுமதிக்காக முதலில் பன்னிரண்டாயிரம் கட்ட வேண்டுமாம். வளையலை அடகு வைக்கலாமா?"

ரிசர்வ் வங்கி இத்தகைய வாணிபத்தில் ஈடுபடுவதில்லை, எவரிடமும் கட்டணமோ தரகோ கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டு மாதத்திலேயே அவ்வங்கி பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. அதை எடுத்துச் சொன்னேன். அவருக்கு அரைமனம்தான். மூன்று லட்சம் என்ற சொல் காதிலே விழுந்தபின் எளிதில் வெளியேறுமா?

காசுகளைப் பரப்பிவைத்துப் பூதக்கண்ணாடியை எடுத்தேன். பிழை என்று அவர்கள் சொன்ன காசின் விளிம்பிலே இரு சிறு மேடுகள் இருந்தன. அவை பற்றவைத்த தடங்கள். காசுமாலையில் கோப்பதற்காக வைத்த காது ஒடிந்துபோன இடம். ஆயிரக்கணக்கான வெள்ளி ரூபாய்களில் இந்தத் தழும்பைக் காணலாம். மற்றொன்றில் 1862 என்றிருந்தது. கீழே சில புள்ளிகள். அழுக்கென்று எண்ணிச் சாம்பலிட்டுத் தேய்த்திருக்கிறார்கள். 1862 என்ற ஆண்டையே பொறித்து 1874 வரை அடித்துவந்த காலத்தில், பம்பாய் அக்கசாலை உண்மையான ஆண்டைக் குறிக்க இட்ட அடையாளங்கள் அவை. பழங்காசைத் தேய்ப்பது அதன் விலையையே தேய்ப்பதாகும். வீட்டுப் பெண்மணிகள் பொறுத்தருள்க.

பதினேழில் ஒன்று 1911. ராத்தா கண்ணாடியை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"யானையுமில்லை, பன்றியுமில்லை. எனக்கு எலிபோலத் தெரிகிறது, தம்பி!"

அந்தக் காசைப் பழங்காசு திரட்டும் நண்பர் ஒருவர் முறையான விலை கொடுத்து வாங்கிக்கொண்டார். லட்சம் அன்று, ஆனால் வெள்ளி விலையைவிடக் கணிசமாகவே கூடுதல். 1862-ஆம் ஆண்டுக் காசையும் அவரே சற்று விலை கூட்டி எடுத்துக்கொண்டார். பதினான்கு காசுகள், 11.66 கிராம் எடையில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி என்ற கணக்கிலே நகைக்கடையில் விலைபோயின. கட்டணத்திற்கு அது போதுமானதாயிற்று. வளையல் கையிலேயே இருந்தது.

காது ஒடிந்த காசை மட்டும் அவர் தரவில்லை. அந்த மாலை தம் உம்மாவின் கழுத்திலே கிடந்ததைத் தாம் பார்த்ததில்லை என்றும், அப்படி ஒன்று இருந்ததென்பதே இன்றுதான் தெரிகிறது என்றும் சொல்லி, அதனை மறுபடி தலைப்பிலே முடிந்துகொண்டார்.