கடலில் ஓதிய அஞ்செழுத்து

திருநாவுக்கரசு சுவாமிகள் கல்லோடு பிணிக்கப்பெற்றுக் கடலில் இடப்பட்டபொழுது நமச்சிவாயத் திருப்பதிகம் ஓதியருளிய வரலாற்றைச் சைவ நன்மக்கள் யாவரும் அறிவர். கரையில் அமர்ந்து அதனை ஓதுவார்க்குப் பண்ணின் இனிமை புலனாகும், கடல் புலனாவதில்லை.

2024-ஆம் ஆண்டு சித்திரைத் திங்களில், யாட் என வழங்கும் சிறு பாய்க்கலம் ஒன்றிற் புதுச்சேரியினின்று கடலூர்க்குச் செல்லும் வாய்ப்பு அடியேனுக்குக் கிட்டிற்று. கரையோரமாக 20 கிலோமீட்டருக்குச் சிறிது மிகுந்த தொலைவே. ஆயின் அம்மாதத்தில் அங்கே தென்காற்று மிக்கு வீசும். நீரோட்டமும் வடக்கு நோக்கியே செல்லும். பாய்க்கலம் காற்றுக்கு நேர் எதிரே செல்லவல்லதன்று. ஏறக்குறைய 45 பாகை விலகி, இடமும் வலமுமாக மாறி மாறியே முன்னேறல் வேண்டும். ஆகலின் விடியலிற் புறப்பட்டேமாயினும் பொழுது சாயுமட்டும் கடலிலேயே இருந்தோம்.

நண்பகற்குப் பின் காற்று வலுத்தது. பெண்ணையாற்று முகத்துவாரத்திற்கு நேரே அலைகள் ஒன்றன்மேல் ஒன்றேறி உடைந்தன. பாயைச் சுருக்கிய பின்னரும் கலம் ஒருக்களித்து, அதன் விளிம்பு நீரில் தோய்ந்தது. கவிழுமோ என வினவினேன். அடியிற் பொருத்திய ஈயப் பாரம் அதனை நிமிர்த்திவிடும் என்றார் மீகாமன். பாரமே காக்கும் என்பது கேட்டவுடன் அரசரைப் பிணித்த கல் நினைவில் எழுந்தது. இத்தகைய ஒப்புமை கொண்டு அக்கல் மிதந்தமைக்கு இயற்கைக் காரணம் காட்டப் புகுதல் வீண். ஈயம் நீரின்கீழ்க் கிடந்தே காக்கின்றது. அக்கல்லோ நீரின்மேல் மிதந்தது.

பதிகத்தை ஓத முயன்றேன். 50 ஆண்டு பயின்ற பாட்டு நாவில் வரவில்லை. அஞ்செழுத்து மட்டும் மேன்மேலும் வந்தது. “வாய் ஓதட்டும் ஐயா, கை கயிற்றை விட வேண்டா” என்றார் மீகாமன்.

சிவஞானபோதத்து ஒன்பதாஞ் சூத்திரம் அஞ்செழுத்தை விதிப்படி ஓதப் பணிக்கின்றது. யான் ஓதியதில் விதி யாதும் இல்லை. உயிர் பிழைக்கும் வேட்கை ஒன்றே இருந்தது. அரசரோ எது வரினும் வருக, யான் எந்தையைப் போற்றுவேன் என்னும் துணிவுடன் ஓதினார் எனச் சேக்கிழார் பெருமான் அருளுவர். அத்துணிவிற்கும் என் நடுக்கத்திற்கும் உள்ள தொலைவு சொல்லில் அடங்காது. ஆயினும் அந்நடுக்கத்திடை வேறொரு பெயர் நாவில் எழாமையைச் சிறிதென எண்ணுகின்றிலேன். அது யான் முயன்று செய்ததன்று, முயன்றது பதிகத்திற்கே.

கடலூர்த் துறையை விளக்கேற்றும் வேளையிற் சேர்ந்தோம். மறுநாட் காலை, அரசர் கரையேறிய இடமெனப் போற்றப்பெறும் கரையேறவிட்டகுப்பம் சென்றோம். அவ்விடம் இன்று கடலினின்று விலகி உள்நிலத்தே உளது, அலையோசை கேட்கவில்லை. கயிறு உராய்ந்த கைகளை அரிதிற் குவித்துப் பதிகத்தை முதலிலிருந்து ஓதினேன்.