மெழுகில் நிற்கும் சுரம்

வீணையைக் கூட்டமாக உட்காரவைத்துக் கற்பிக்கக் கூடாது என்று சொல்லும் வித்வான்கள் இன்றும் இருக்கிறார்கள். குருவுக்கு எதிரில் ஒரு சீடர், இருவருக்கும் நடுவே பல வருடப் பழக்கம் என்பதுதான் அவர்கள் அறிந்த வழி. அந்த வழியின் அருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் தாம்பரத்தில் குடியிருந்து, வாரம் முழுவதும் மின்சார ரயிலில் கிண்டிக்கும் எழும்பூருக்கும் போய்வருகிற ஒருவருக்கு மயிலாப்பூர் குருவின் வீடு எட்டாத தூரம். நாலடி நீள வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு அந்த ரயிலில் ஏறிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதனால் சேலையூரில் ஒரு வீட்டு மாடிக் கூடத்தில் ஞாயிறு காலைகளில் நடக்கும் கூட்டு வகுப்பைப் பற்றிக் கேள்விப்பட்டதும் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

ஜமக்காளத்தில் எட்டு வீணைகள். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ஐ.டி. வேலையில் இருக்கும் இரு பெண்கள், கல்லூரி மாணவன் ஒருவன், வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், அவர் மனைவி, இன்னும் இருவர். டீச்சர் நடுவில் உட்கார்ந்து சுருதிப் பெட்டியை மூன்று கட்டையில் வைத்தார். வகுப்பு தொடங்கும் என்று நினைத்தேன். தொடங்கியது சுருதி சேர்க்கும் வேலை. ஒவ்வொரு வீணையாக வாங்கி, பிரடையைத் திருகி, மணியை நகர்த்தி, சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்று நாலு தந்திகளையும், பக்கத்தில் ஓடும் மூன்று தாளத் தந்திகளையும் சேர்த்து முடிக்க வெகு நேரம் ஆனது. யாரும் சலித்துக்கொள்ளவில்லை. அவரவர் வீணையை அவரவரே சேர்க்கப் பழக வேண்டும் என்பதற்காக, டீச்சர் பாதியில் நிறுத்திவிட்டு மீதியை அவர்களிடமே விடுகிறார்.

பிறகு மாயாமாளவகௌளையில் சரளி வரிசை. திறந்த சட்ஜமம் எட்டு வீணைகளிலும் ஒன்றாக எழுந்தபோது கூடமே நிமிர்ந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. ரிஷபமும் பரவாயில்லை. காந்தாரத்தில் கூட்டம் கலைந்தது. எட்டு பேரும் நாலாவது மெட்டைத்தான் அழுத்தினார்கள், ஆனால் எட்டு காந்தாரங்கள் கேட்டன. தந்தி சேர்ந்திருக்கிறது, விரல் சரியான இடத்தில் இருக்கிறது, சுரம் மட்டும் சேரவில்லை.

"தப்பு இவங்க மேல இல்ல. மேளம் தளர்ந்திருக்கு" என்றார் டீச்சர். "தனியா வாசிக்கும்போது காது சமாதானமாயிடும். கூட்டமா வாசிச்சா ஒளிய இடமில்ல."

வீணையின் தண்டியில் 24 மெட்டுகள் இருக்கின்றன. ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு, மொத்தம் இரண்டு ஸ்தாயி. அவை மரத்தில் அறையப்பட்டவை அல்ல. தண்டியின் இரு ஓரங்களிலும் கறுப்பாக ஓடும் மெழுகுக் கரைகளின் மேல் பதிந்து நிற்பவை. அந்த மெழுகை வைத்து மெட்டுகளைப் பதிப்பதற்குத்தான் மேளம் கட்டுதல் என்று பெயர். பழங்காலத்தில் ராகத்துக்கு ஏற்ப மெட்டுகளை நகர்த்திக்கொள்ளும் வீணைகள் இருந்தன. எல்லா ராகத்துக்கும் ஒரே அமைப்பாக 24 மெட்டுகளை நிலைப்படுத்திய பெருமையைத் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்துக்கும், அவருடைய அமைச்சர் கோவிந்த தீட்சிதருக்கும் மரபு தருகிறது. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதி அது. நிலைப்படுத்தினார்கள் என்றாலும், அந்த நிலை மெழுகின் நிலைதான். சென்னைப் புறநகர்க் கோடையில் பூட்டிய காருக்குள் ஒரு மதியம் கிடந்தால் போதும், மெட்டு சாய்ந்துவிடும்.

வீணையில் ஒரு சுரம் குறைந்து நின்றால் தந்தியைப் பக்கவாட்டில் சற்று இழுத்து ஏற்றிவிடலாம். ஏறி நின்றால் இறக்க வழியே இல்லை. குறைந்த மெட்டில் பழகும் குழந்தை, தன்னையறியாமல் எப்போதும் ஒரு இழுப்பு இழுத்தே வாசிக்கப் பழகிவிடும். ஏறிய மெட்டில் பழகும் குழந்தையின் காது, அந்த ஏறிய சுரத்தையே சுரம் என்று நம்பிவிடும். பிறகு எந்தக் குருவாலும் அதை எளிதில் திருத்த முடியாது. இதற்கு மருந்து மேளம் கட்டுகிறவரிடம்தான் இருக்கிறது.

அவர் மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருக்கிறார். வீட்டு முன்கட்டுதான் பட்டறை. பூர்வீகம் தஞ்சாவூர். அப்பா, தாத்தா இருவரும் பலா மரத்தைக் குடைந்து குடம் இழைத்தவர்கள். பண்ருட்டிப் பக்கத்துப் பலா, வீணைக்கென்று தேர்ந்தெடுத்து வாங்கும் மரம். ஒரே மரத்தில் குடமும் தண்டியும் யாளி முகம் வரைக்கும் குடைந்தால் ஏகாண்ட வீணை, தனித்தனியாகச் செய்து பொருத்தினால் ஒட்டு வீணை. 2013-ல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பத்திரிகைகளில் படம் போட்டார்கள், எல்லாப் படத்திலும் குடத்தையும் யாளியையும்தான். மேளம் கட்டுகிற கையை யாரும் படம் எடுக்கவில்லை. புது வீணை பிறக்கும் இடம் தஞ்சாவூராக இருக்கலாம். அது நாற்பது வருடம் உயிரோடு இருப்பது இந்த மாதிரி முன்கட்டுகளில்தான்.

நான் போனபோது நவராத்திரிக்கு முந்தைய நெருக்கடி. சுவரோரம் உறை கழற்றிய வீணைகள் சாய்ந்திருந்தன. வகுப்பிலிருந்து வந்த சிறுமியின் வீணை மடியில் கிடந்தது. பழைய மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு, மெட்டுகளை வரிசை மாறாமல் ஒரு பலகையில் அடுக்கியிருந்தார்.

"இத வாசிக்கறவங்க யாருன்னு சொல்லட்டுமா?" என்றார். ஒன்று, நாலு, ஐந்து, ஏழு, எட்டு, பதினொன்று, பன்னிரண்டு என்று மெட்டுகளை எடுத்து நீட்டினார். அந்த ஏழில் மட்டும் தந்தி உரசிய தடம் பள்ளமாக விழுந்திருந்தது. மற்றவை அநேகமாகப் புதிதுபோல. "மாயாமாளவகௌளைய விட்டு இன்னும் வெளிய வரல. சின்னப் பிள்ளை. ஆனா நல்லா சாதகம் பண்ணுது. பள்ளம் சமமா இருக்கு பாருங்க."

பள்ளத்தை அரத்தால் தேய்த்து, எண்ணெய்த் துணியால் துடைத்து, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். சிறிய அடுப்பில் இரும்புச் சட்டி. தேன்மெழுகு, குங்கிலியம், கரித்தூள் மூன்றும் உருகிக் கறுத்துக் கொதித்தன. கோயில் வாசனையும் புகை வாசனையும் கலந்து தெரு வரைக்கும் வந்தது. மெழுகு கூடினால் வெயிலில் இளகும், குங்கிலியம் கூடினால் பனியில் வெடிக்கும். பங்கு எவ்வளவு என்று கேட்டேன். சென்னைக்கு ஒன்று, தஞ்சாவூருக்கு ஒன்று, அமெரிக்கா போகிற வீணைக்கு இன்னொன்று என்றார். அளவுக் கரண்டி எதுவும் அங்கே இல்லை. முறுக்கு மாவுப் பதத்துக்கு ஆறியதும் பலகையில் நீளமாக உருட்டி, தண்டியின் இரு ஓரங்களிலும் படியவைத்தார். ஈரக் கட்டைவிரலால் நீவி நீவிக் கரை கட்டினார்.

முதலில் பதித்தது பன்னிரண்டாவது மெட்டு. மேருவுக்கும் குதிரைக்கும் சரிபாதி தூரத்தில் அது நிற்க வேண்டும், அங்கேதான் மேல் சட்ஜமம். நூல் பிடித்து அளந்தார். மற்ற மெட்டுகளையும் இப்படி அளந்தே வைத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். முடியாது. மெட்டு உயரமாக இருக்கும் வாத்தியத்தில் தந்தியை அழுத்தும்போதே அது சற்று முறுக்கேறி, சுரம் கொஞ்சம் ஏறுகிறது. எவ்வளவு ஏறும் என்பது தந்தியின் பருமனையும் மெட்டின் உயரத்தையும் பொறுத்தது. போதாததற்கு ஒரே மெட்டின் மேல் நாலு தந்திகள் போகின்றன. எஃகுச் சாரணிக்குச் சரியாக இருக்கும் இடம் பித்தளை மந்தரத்துக்குச் சரியாக இராது. அளவுகோல் கைவிடும் இந்த இடத்தில் காது பொறுப்பேற்கிறது. ஒரு மெட்டை வைப்பார், மீட்டுவார், ஆணி முனையால் மயிரிழை தள்ளுவார், மறுபடி மீட்டுவார். சாரணியில் சரியானதும் பஞ்சமத்தில் அழுத்திக் கேட்பார், பிறகு தந்தியை இழுத்துக் கேட்பார். இழுக்கும்போது அடுத்த மெட்டில் தந்தி தட்டி இரைந்தால், அந்த மெட்டைச் சூடான கத்தியால் ஒரு துளி அமுக்குவார். முன்னால் போன மெட்டுக்கும் திரும்பி வருவார். குடத்தை நெருங்க நெருங்க மெட்டுகளின் இடைவெளி சுருங்கி, பிழைக்கு இடமே இல்லாமல் போகிறது. அந்த இடத்தில் அவர் பேசுவதை நிறுத்திவிட்டார்.

சுருதி காட்டும் செயலி செல்போனிலேயே இருக்கிறதே என்று பிறகு கேட்டேன்.

"மருமகன் வச்சுப் பாப்பான். பாக்கட்டும்மா, நல்லதுதான். நிக்கற சுரத்த மெஷின் சொல்லும். இழுத்தா தந்தி எங்க இரையும்னு அது சொல்லாது. கமகம் வாசிக்கிற வாத்தியத்துக்கு அதுதானே முக்கியம்?"

மருமகன் என்பது அக்கா மகன். வாரநாட்களில் குரோம்பேட்டையில் ஏ.சி. பழுது பார்க்கிறான், ஞாயிறுகளில் மாமாவுடன் உட்காருகிறான். முழு நேரமும் இதற்கே வந்தால் குடும்பம் நடத்த முடியாது என்று இருவருக்கும் தெரியும். மெட்டுகளைத் திருகாணியால் நகர்த்திக்கொள்ளும் வீணைகளும், மின்னணு வீணைகளும் வந்துவிட்டன. வெளிநாடு போகிறவர்களுக்கும் அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கும் அவை பெரிய உதவி. அவரும் அவற்றைக் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் அந்த இரும்புத் தண்டவாளத்தில் நிற்கும் மெட்டின் நாதம் மனதுக்கு ஒட்டவில்லை. மெழுகு ஏதோ ஒரு கூர்மையை உள்வாங்கிக்கொண்டு தருகிறது என்றே என் காது சொல்கிறது.

கூட்டாகக் கற்பது என்றதும் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் பிரான்சின் பிரித்தானிப் பகுதியிலும் நடக்கும் செல்டிக் ஹார்ப் பயிற்சிப் பட்டறைகள் நினைவுக்கு வருகின்றன. அங்கே ஒரு சுரத்துக்கு ஒரு நரம்பு. சட்ஜம இடத்துக்குச் சிவப்பு, இன்னொரு சுரத்துக்குக் கறுப்பு அல்லது நீலம் என்று நரம்புக்கே நிறம் கொடுத்திருப்பார்கள். அரை சுரம் ஏற்ற மேலே ஒரு சிறு நெம்பி. சாவியைப் போட்டுத் திருகி மாணவரே தன் ஹார்ப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். நம்மிடமும் அந்த இனம் இருந்தது. பதினான்கு நரம்புச் சகோட யாழையும் மற்ற யாழ்களையும் சிலப்பதிகாரத்திலிருந்து மீட்டெடுக்க விபுலாநந்த அடிகள் பல ஆண்டுகள் உழைத்தார். அவருடைய யாழ்நூல் 1947-ல் வெளியானது, அதே ஆண்டு அவர் மறைந்தார். நூல் வந்தது, ஆனால் தெருவுக்குத் தெரு யாழ் செய்யும் பட்டறை வரவில்லை. பிரித்தானியில் நடந்தது வேறு. 1953-ல் ஒரு தந்தை தன் கையால் ஹார்ப் செய்து மகனிடம் கொடுத்தார். மகன் ஆலன் ஸ்டிவெல் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனார். செய்கிற கையும் வாசிக்கிற கையும் ஒரே வீட்டில் இருந்தன. வீணையைப் பொறுத்தவரை நாம் இன்னும் அந்த வீட்டை இழந்துவிடவில்லை என்பதால்தான் எனக்கு இவ்வளவு பதற்றம். சேலையூரில் இருக்கும் வகுப்புக்கும் முடிச்சூர் சாலைப் பட்டறைக்கும் நடுவே ஒரு ரயில் பாதைதான் குறுக்கே ஓடுகிறது. ஆனாலும் அந்த எட்டு பேரில் பாதிப் பேர் தங்கள் வீணைக்கு மேளம் கட்டியவர் முகத்தைப் பார்த்ததில்லை.

டீச்சர் அதை மாற்ற ஒரு காரியம் செய்தார். வகுப்பில் இருக்கும் எல்லா வீணைகளையும் ஒரே பருவத்தில், ஒரே காதுக்குக் கட்டித் தரும்படி கேட்டார். வேலை முடிந்ததும் அவரையே வகுப்புக்கு அழைத்து, ஆசிரியருக்குத் தரும் மரியாதையோடு கூலியும் பேசி, மாணவர்கள் முன்னால் உட்காரவைத்தார். பாடம் நடத்தத் தெரியாது என்று அவர் தயங்கினார். பிறகு சிறுமியைப் பார்த்து, "பாப்பா, அஞ்சாவது மெட்டுல பஞ்சமத் தந்திய அழுத்து. சாரணிய அழுத்தாம மீட்டு. ரெண்டும் ஒரே சட்ஜமமாக் கேக்கணும். கேக்கலைன்னா மெட்டு நகந்திருக்கு, எனக்குச் சொல்லியனுப்பு" என்றார்.

எட்டு பேரும் அதையே செய்து பார்த்தார்கள். ஓய்வு பெற்ற வங்கிக்காரர் திரும்பத் திரும்ப மீட்டிவிட்டு, தன்னுடையது சேரவில்லை என்றார். மேளக்காரர் குனிந்து கேட்டார். "ஆமாங்கய்யா, துளி ஏறித்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டு பையிலிருந்து கத்தியை எடுத்தார். டீச்சர் அடுப்படியிலிருந்து நெருப்புப் பெட்டியும் மெழுகுவத்தியும் கொண்டுவந்தார். கத்தி சூடாகும் வரை மற்றவர்களில் ஆறு பேர் எழுந்து வந்து அந்த வீணையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். கல்லூரி மாணவன் மட்டும் நகராமல், தன் வீணையில் ஏழாவது மெட்டுக்கு இதுபோல என்ன சோதனை என்று கேட்டான்.

"அழுத்தினா பஞ்சமம். பக்கத்துப் பஞ்சமத் தந்தியத் திறந்து மீட்டி, ஒரு ஸ்தாயி மேல வச்சுக் கேளு" என்றார் அவர், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.