உள்ளூர் ரயிலில் ஒரு சீனா

மலையும் ஆறும் காட்டுவதாக அப்பா கொடுத்த வாக்கு, ஹூக்ளிக் கரையில் ஒரு சிவப்புக் கல்லறையின் முன் போய் நின்றது.

லேக் கார்டன்ஸ் ரயில் நிலையம். ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை, பனி இன்னும் விலகவில்லை. நடைமேடையில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவள் கையில் சீனத்து 20 யுவான் நோட்டு ஒன்று. அப்பாவின் நண்பர் கொடுத்தது. நோட்டின் பின்புறத்தில் லி ஆறு. அதன் கரையில், வரிசையாக நட்டு வைத்த கூம்புகளைப் போல சுண்ணாம்புக்கல் குன்றுகள்.

"சீனாவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னுதானே சொன்னீங்க? இது பஜ்பஜ் ரயில்!"

"சீனாவுக்குப் போற ரயில்தான் இது. ஏறும்மா" என்கிறார் அப்பா, சிரிக்காமல்.

நிஜமான லி ஆறு எட்டாத தூரத்தில் இல்லை. பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2025 அக்டோபரில் கொல்கத்தாவிலிருந்து குவாங்சோவுக்கு நேரடி விமானம் மீண்டும் பறக்கத் தொடங்கியது. அங்கிருந்து அதிவேக ரயிலில் சில மணி நேரம் போனால் குய்லின். ஆனால் மூன்று பேருக்கான செலவைக் கணக்குப் போட்ட அப்பா, காகிதத்தை மடித்து வைத்துவிட்டார். அதோடு நேரமும் இல்லை. ஏப்ரலில் அவருக்குச் சென்னைக்கு மாற்றல்.

வீட்டில் பேச்சு பாதியாகக் குறைந்திருப்பதற்கும் அந்த மாற்றல் உத்தரவே காரணம். திருநெல்வேலிக்காரரான அப்பா வங்கி வேலைக்காகக் கொல்கத்தா வந்தவர். லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் காபித்தூளும் வாங்கி, ரவீந்திர சரோவர் ஏரியைச் சுற்றி நடந்து, ஊரை விட்டு வந்த குறையை ஆற்றிக்கொண்டார். மகளுக்கு அப்படிக் குறை எதுவும் இல்லை. அவள் பிறந்ததே இங்கேதான். சண்டை போடும்போது அவளுக்கு முதலில் வருவது வங்காளிதான். "சென்னை உங்க ஊர். என் ஊர் இது" என்று சொல்லிவிட்டாள்.

டோலிகஞ்ச், நியூ அலிப்பூர், மாஜேர்ஹாட் என்று ரயில் நின்று நின்று போகிறது. நங்கி நிலையம் வந்ததும், இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு பட்டாசு செய்கிறார்கள் என்று மகள் சொல்ல, அப்பா சிவகாசிக் கதையைத் தொடங்குகிறார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

முக்கால் மணி நேரத்துக்குள் பஜ்பஜ். பழைய சணல் ஆலைகளும் எண்ணெய்க் கிடங்குகளும் நிறைந்த ஆற்றங்கரை ஊர். சென்னையிலிருந்து கப்பலேறிய விவேகானந்தர், 1897 பிப்ரவரியில் இங்கே இறங்கித்தான் சியால்டாவுக்கு ரயில் பிடித்தார். கனடா திருப்பி அனுப்பிய 'கோமகாட்டா மாரு' கப்பலும் 1914 செப்டம்பரில் இங்கேதான் வந்து நின்றது. வீடு திரும்பிய அந்தப் பயணிகளை வரவேற்றது போலீஸின் துப்பாக்கிச் சூடு. சுமார் 20 பேர் மாண்டனர்.

ஊரைத் தாண்டி டோட்டோவில் சில கிலோமீட்டர் போனால் அச்சிப்பூர். தென்னை, குளம், வயல், வாழைத் தோட்டம் என்று வங்காளத்துக் கிராமத்துக்கு உரிய எல்லாம் இருக்கின்றன. குன்று மட்டும் ஒன்றுகூட இல்லை. சிறுமி நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு அப்பாவை முறைக்கிறாள்.

சீனமன்தலா என்ற இடத்தில் டோட்டோ நிற்கிறது. உள்ளே ஒரு சீனக் கோயில். நிலத்தைக் காக்கும் தேவனும் அவன் துணைவியும் அங்கே குடியிருக்கிறார்கள். சுற்றுவட்டார மக்கள் அவர்களுக்கு 'குதா - குதி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதே வளாகத்தில் சுந்தரவனத்துப் புலித் தெய்வமான தக்ஷிண் ராய்க்கும் இடம் உண்டு. "நம்ம ஊர் எல்லைச்சாமி மாதிரி" என்று அப்பா சொல்ல, "யார் ஊர்?" என்று கேட்கிறாள் மகள்.

கிராமத்துக்குப் பெயர் கொடுத்தவர் டோங் அச்சியூ என்ற சீன வணிகர். 1778 வாக்கில் வாரன் ஹேஸ்டிங்ஸிடமிருந்து 650 பீகா நிலம் பெற்றார். ஏறக்குறைய 215 ஏக்கர். ஆண்டுக் குத்தகை 45 ரூபாய். சீனத் தொழிலாளர்களை வரவழைத்துக் கரும்பு பயிரிட்டு, சர்க்கரை ஆலையும் வைத்தார். வேலையாட்களைச் சிலர் ஆசை காட்டிக் கலைப்பதாக அவர் முறையிட்டதும், 1781-ல் கம்பெனி அரசு அவருக்கு ஆதரவாக அறிவிப்பு வெளியிட்டது. ஆனால் 1783 முடிவதற்குள் அவரே காலமாகிவிட்டார். ஆலை நிலைக்கவில்லை.

வங்காளியில் சர்க்கரைக்கு 'சினி' என்று பெயர் வந்ததே இவரால்தான் என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். உண்மையில் அந்தச் சொல் அச்சியூவுக்கு முந்தியது. ஆனாலும் அப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "திருநெல்வேலியில நாங்களும் சீனின்னுதான் சொல்லுவோம்!" முதல் முறையாக மகள் சிரிக்கிறாள். சென்னை வாத்தியார்கள் சீனி என்றால் திருத்துவார்களோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம்.

ஹூக்ளிக் கரையில் அச்சியூவின் கல்லறை. தென்சீன வழக்கப்படி குதிரை லாடம் போல வளைந்து, சிவப்பு வண்ணம் பூசியிருக்கிறது. பக்கத்தில் ஆறு கடலைப் போல அகன்று கிடக்கிறது. எதிர்க்கரையில் உலுபேரியா.

"இவர் ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லையா?"

"இல்லம்மா."

"அவர் கூட வந்தவங்க?"

அதற்கு அப்பாவிடம் நீளமான பதில் இருக்கிறது. கரும்பை விட்டவர்கள் கல்கத்தாவுக்குப் போனார்கள். பின்னால் வந்தவர்களும் சேர்ந்து, டிரெட்டி பஜாரிலும் டாங்ராவிலும் தச்சர்களாக, செருப்புக்காரர்களாக, பல் வைத்தியர்களாக, தோல் பதனிடுபவர்களாக வேர் பிடித்தார்கள். 1962 போர் அந்த வேரை அசைத்தது. நாடெங்கிலுமிருந்து சுமார் 3,000 சீன வம்சாவளியினர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். 1996-ல் உச்ச நீதிமன்றம் டாங்ராவின் தோல் பட்டறைகளை நகருக்கு வெளியே மாற்ற உத்தரவிட்டது. குடும்பம் குடும்பமாகக் கனடாவுக்கும் வேறு நாடுகளுக்கும் கிளம்பினார்கள். எஞ்சியிருப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான்.

"ஆனா, சீனப் புத்தாண்டு வந்தா இங்க பஸ் பஸ்ஸா வருவாங்க. ஊதுபத்தி ஏத்தி, படையல் வெச்சுக் கும்பிட்டுட்டுப் போவாங்க. வெளிநாட்டுக்குப் போனவங்களும் முடிஞ்சப்போ வருவாங்க."

இருநூறு வருஷத்துக்கு மேல் ஆன பின்னுமா என்று சிறுமி கணக்குப் போட்டுப் பார்க்கிறாள். வேறு ஊரில் போய் வேர் பிடித்த ஒருவரைக் காட்டி மகளின் மனதை மாற்றலாம் என்றுதான் அப்பா வந்தார். அவளோ, திரும்பி வருகிறவர்களைப் பிடித்துக்கொண்டுவிட்டாள்.

மாலை ரயிலில் கூட்டம் இல்லை. தேநீர்க்காரர் மண் குவளையைக் கொடுத்து, சினி போதுமா என்று வங்காளியில் கேட்கிறார். "இன்னும் கொஞ்சம் சீனி" என்கிறாள் அவள், திருநெல்வேலித் தமிழில். அவருக்குப் புரிந்துவிடுகிறது.

லேக் கார்டன்ஸ் நெருங்கும்போது அவள் மெல்லத் தொடங்குகிறாள். "சரி, சென்னைக்கு வரேன். ஆனா பூஜைக்கு வருஷா வருஷம் இங்க கூட்டிட்டு வரணும். எழுதிக் கொடுங்க."

அப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுக்கிறார். பயணம் முடிந்த டிக்கெட்டின் பின்புறத்தில் எழுதிக் கையெழுத்தும் போடுகிறார். அவள் அதை வாங்கி ஒரு முறை சரிபார்த்துவிட்டு, 20 யுவான் நோட்டுக்குள் வைத்து மடிக்கிறாள். ரயில் நிற்கிறது.

"இறங்குங்கப்பா, நம்ம ஊர் வந்தாச்சு."