கூலியும் அமானிதமே



திருவேங்கடத்தில் எம்மிடம் ஓதும் பிள்ளை ஒருவரின் தந்தைக்கு முதலாளி கொடுத்த மூன்று சம்பளக் காசோலைகளும் பணமின்றித் திரும்பின. "ஹஜ்ரத், அவரும் நம் ஜமாஅத்துக்காரர், வழக்குத் தொடுத்தால் பாவமாகுமா?" என வினவினார்.

முதலாளி மெய்யாகவே நொடித்திருந்தால் அவகாசம் அளிக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் பணிக்கிறது. வசதியிருந்தும் இழுத்தடிப்பது அநீதி என்பது நபிமொழி. வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற ஹதீஸும் புகாரியில் உண்டு. ஆகவே உரிமையைக் கேட்பது சபுருக்கு மாறானதன்று.

ஜமாஅத் பெரியவர்கள் இருவருடன் சென்று பேசி, தவணையை எழுத்தில் பெறுமாறு கூறினோம். ஆயினும் பேச்சிலேயே நாள் கழிந்துவிடலாகாது. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 138இன்படி, காசோலை திரும்பியதை வங்கி தெரிவித்த 30 நாள்களுக்குள் எழுத்து வழி அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாள்களில் பணம் வராவிடில், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் முறையிட வேண்டும்.

அம்முதலாளி நம் மதரஸாவுக்கும் நன்கொடை தருபவர். நன்கொடை உபரியான நன்மை, கூலியோ கடன். கடனை அடைத்தபின் அவர் தருவதையே நாம் மனநிறைவுடன் பெறுவோம். உழைப்பவர் உரிமையைப் பேணும் நல்லறிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.