சும்மா நிற்கும் வண்டிகள்

மின்சாரக் கார்களைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவது நண்பர்கள் சிலருக்கு எரிச்சல் தரக்கூடும். புதுக்கவிதையில் படிமம் எப்படிச் சலித்துப்போயிற்று என்று எழுதித் தருவதாகத்தான் ஒப்புக்கொண்டிருந்தேன். அதை அடுத்த இதழுக்குத் தள்ளிவைக்க ஆசிரியர் சம்மதித்துவிட்டார். நான் விஞ்ஞானம் படித்தவன் இல்லை. ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. வாங்கி, வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்ந்து, ஒருவர் பணத்தை வாங்கி இன்னொருவருக்குக் கொடுக்கிற வேலையில் பதிமூன்று வருஷத்தைக் கழித்தவன். இருந்தும் ஓராண்டுக்கு மேலாக இந்த யோசனை என்னை விடுவதாக இல்லை. என் உத்தியோகத்துக்கும் இதற்கும் இருக்கிற ஒற்றுமை நானாகக் கற்பித்துக்கொண்டது என்று தள்ளிவிட முடியாதபடி நெருக்கமாக இருக்கிறது.

யோசனை எளிமையானது. மின்சாரக் கார் ஒரு நாளில் ஓடுவது ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் வீட்டு வாசலிலோ ஆபீஸ் நிழலிலோ சும்மா நிற்கிறது. அதன் வயிற்றில் முப்பது, நாற்பது, அறுபது யூனிட் மின்சாரம் தேங்கிக் கிடக்கிறது. கம்பியில் மின்சாரம் மிஞ்சும்போது வாங்கிக்கொண்டு, தட்டுப்படும்போது திருப்பிக் கொடுக்க அந்த வண்டியைப் பழக்கினால் என்ன? 1997ல் வில்லெட் கெம்ப்டன், ஸ்டீவன் லெட்டென்ட்ரே என்ற இரண்டு அமெரிக்கர்கள் இதை ஒரு கட்டுரையாக எழுதினார்கள். அன்றைக்கு அமெரிக்கச் சாலைகளில் மின்சாரக் கார் என்று சொல்லத்தக்கவை மிகச் சொற்பம். அநேகமாக இல்லாத வண்டிகளின் ஓய்வு நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கற்பனை என்ற சொல்லை நாம் கவிஞர்களுக்கு மட்டுமே ஒதுக்கிவைத்திருப்பது கொஞ்சம் பேராசைதான்.

இதை 'இருவழி மின்னேற்றம்' என்று தமிழில் எழுதுகிறார்கள். எனக்கு ருசிக்கவில்லை. நம் பக்கத்தில் கொள்வினை கொடுப்பினை என்று ஒன்று உண்டு. பெண் எடுத்த வீட்டுக்குப் பெண் கொடுப்பது. அந்தச் சொல்லில் கணக்கு இருக்கிறது, உறவு இருக்கிறது, பின்னால் வரப்போகிற சண்டையும் இருக்கிறது. ஏற்றுவதும் இறக்குவதும் வெறும் மின்னியல் காரியங்களாக நின்றுவிடாது என்பதால் எனக்கு இதுவே பொருத்தமாகப் படுகிறது.

மின்சாரத்துக்குச் சேமிப்புக் கணக்கு கிடையாது என்பதை நான் வெகு தாமதமாகத்தான் உணர்ந்தேன். ஒரு கணத்தில் உற்பத்தியாவது அதே கணத்தில் செலவாக வேண்டும். என் கவுண்ட்டரில் ஒருவர் பணம் கட்டுகிற அதே நொடியில் அதே தொகையை வேறொருவர் எடுத்தாக வேண்டும் என்று விதி இருந்தால் எப்படி இருக்கும்? அப்படிப்பட்ட வியாபாரம் அது. தவறினால் கம்பியின் துடிப்பு மாறுகிறது. நொடிக்கு 50 என்பது நம் நாட்டுத் துடிப்பு. செலவு மிஞ்சினால் அது இறங்கும், உற்பத்தி மிஞ்சினால் ஏறும். எங்கோ ஒரு கம்பி சுமை தாங்காமல் விழ, மற்றவை ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தால், 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவில் நடந்தது நடக்கும். இரண்டாம் நாள் அறுபது கோடிப் பேர் வாழும் பிரதேசம் இருண்டது. தெற்கே நாம் தப்பினோம். அப்போது நம் கம்பிகள் வடக்கோடு ஒரே துடிப்பில் இணையவில்லை. 2013 டிசம்பர் 31ல்தான் இணைந்தோம். இணையாதிருந்ததால் தப்பியதையும், இணைந்தபின் ஒருவருக்கொருவர் கைகொடுக்க முடிவதையும் ஒரே மூச்சில் சொல்லவேண்டியிருக்கிறது.

ஜப்பானில் இதற்கு நேர்மாறான பாடம் கிடைத்தது. கிழக்கு ஜப்பானில் துடிப்பு 50, மேற்கில் 60. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் டோக்கியோக்காரர்கள் ஜெர்மனியிலிருந்தும் ஒசாக்காக்காரர்கள் அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர் வாங்கியதில் வந்த வினை. 2011 மார்ச் 11ல் பூகம்பமும் சுனாமியும் வந்து ஃபுகுஷிமா அணு உலைகள் போனபோது, மேற்கில் இருந்த மின்சாரத்தில் ஒரு சிறு பங்கைத்தான் கிழக்கே அனுப்ப முடிந்தது. பெட்ரோல் கிடைக்காத கரையோர ஊர்களில், மின்சாரம் திரும்பிய இடங்களில், மின்சாரக் கார்கள் டாக்டர்களையும் மருந்துகளையும் ஏற்றிக்கொண்டு ஓடின. நிஸ்ஸான் கம்பெனியின் லீஃப் கார் விற்பனைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மறுவருஷமே அந்தக் காரிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுக்கும் பெட்டியை விற்க ஆரம்பித்தார்கள். காரின் பாட்டரி 24 யூனிட். ஒரு ஜப்பானியக் குடும்பத்துக்கு இரண்டு நாள் தாங்கும் என்றார்கள்.

அந்தக் கார்கள் பயன்படுத்தும் மின்னேற்ற முறைக்கு 'சாடெமோ' என்று பெயர். ஜப்பானிய மொழியில் 'ஒரு டீ சாப்பிடலாமா' என்று கேட்பதின் சாயல் அதில் இருக்கிறதாம். வண்டி சார்ஜ் ஆகிற நேரத்தில் ஒரு கோப்பை டீ. ஒரு தொழில்நுட்ப விதிமுறைக்கு இப்படிப் பெயர் வைக்கத் தோன்றிய மனசை நான் மதிக்கிறேன். பாட்டரியில் இருப்பது ஒரே திசையில் போகும் மின்சாரம், கம்பியில் இருப்பது நொடிக்கு நொடி திசை மாறுவது. வாங்கும்போது ஒன்றை மற்றொன்றாக மாற்ற வேண்டும், கொடுக்கும்போது திரும்பவும் மாற்றி, கம்பியின் துடிப்போடு அடி பிசகாமல் சேர்க்க வேண்டும். ஜப்பானியர் இதற்கு முதலிலேயே இடம் வைத்தார்கள். 2019 செப்டம்பரில் சிபா மாகாணத்தைப் புயல் அடித்துப் பல லட்சம் வீடுகள் நாள்கணக்கில் இருண்டபோது, இத்தகைய கார்கள் முதியோர் இல்லங்களுக்கும் சமூகக் கூடங்களுக்கும் போய் நின்று விசிறி சுற்ற வைத்தன.

டென்மார்க்கில் நடந்தது வேறு ரகம். கோபன்ஹேகன் சூழ்ந்து நிற்கும் ஃபிரெடரிக்ஸ்பர்க் என்ற ஊரின் தண்ணீர், எரிவாயு நிர்வாகத்துக்குப் பத்து வேன்கள் இருந்தன. 2016 முதல் மாலையில் வேலை முடிந்து அவை ஷெட்டுக்கு வந்ததும் கம்பியில் மாட்டிவிட்டார்கள். ஒவ்வொன்றும் பத்து கிலோவாட் வரை கொடுக்கவோ வாங்கவோ செய்யும். துடிப்பு கொஞ்சம் இறங்கினால் கொடுக்கும், ஏறினால் வாங்கும். விடிய விடிய இதே வேலை. காலையில் வேன் மறுபடி கிளம்பிவிடும். இதில் என்னைக் கவர்ந்த விஷயம் ஒன்று உண்டு. கொடுத்த மின்சாரத்துக்காக மட்டும் அங்கே பணம் தருவதில்லை. கொடுக்கத் தயாராக நின்றதற்கே பெரும்பாலான பணம். காத்திருப்புக்குக் கூலி என்பது நாம் கேள்விப்படாத சங்கதி. (சிறுபத்திரிகைக்காரர்கள் இதை ஊன்றிப் படிக்கவேண்டும்.)

இதையெல்லாம் நான் ஏன் படிக்க ஆரம்பித்தேன் என்று சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். வேளச்சேரியில் நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி. அம்மாவுக்கு நுரையீரல் கெட்டு, காற்றிலிருந்து பிராண வாயுவைப் பிரித்துத் தரும் மெஷினோடுதான் ஒன்றரை வருஷமாக வாழ்ந்துகொண்டிருந்தாள். அந்த மெஷின் 350 வாட் தின்னும். கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். விடியுமுன் மின்சாரம் நின்றது. இன்வெர்ட்டர் பாட்டரி, கணக்குப்படி நாலு மணி நேரம். ஒரு சின்ன சிலிண்டர் இருந்தது, அது இன்னும் சில மணி நேரம். இரண்டாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற எஞ்சினீயர் ஏறி வந்து அம்மாவைப் பார்த்தார். அவரிடம் மின்சாரக் கார் உண்டு. முதல் நாளே அதை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். அன்றைக்கு வேளச்சேரி மேம்பாலம் முழுக்கக் கார்கள் வரிசையாக நின்றன.

"ஃபுல் சார்ஜ் போட்டு வெச்சிருந்தேன் தம்பி," என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். "முப்பது யூனிட் இருக்கும்."

முப்பது யூனிட் என்றால் அம்மாவின் மெஷினுக்கு மூன்று நாளைக்கு மேல். நான் அங்கேயே, மனசிலேயே போட்டுப் பார்த்தேன். அது வங்கிக்காரனின் வியாதி. அவர் கார் எங்கள் வாசலிலேயே நின்றிருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது. அது வாங்கத் தெரிந்த வண்டி, கொடுக்கத் தெரியாதது. அதற்கு வாய் இருந்தது, கை இல்லை. மத்தியானம் மீனவர்கள் படகில் வந்தார்கள். அம்மாவை நாற்காலியோடு மூன்று மாடி இறக்கி, தாம்பரத்தில் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனோம். சிலிண்டரில் முள் சிவப்புக்கு வந்திருந்தது. படகு ஓட்டியவர் வழியெல்லாம் அம்மாவிடம் "பேசாதம்மா, பேசாத" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவள் பேசிக்கொண்டே வந்தாள்.

தண்ணீர் வடிந்தபின் எஞ்சினீயரிடம் கேட்டேன். திருப்பிக் கொடுக்கும் வண்டி வந்தால் வாங்குவாரா என்று. "பாட்டரி தேஞ்சு போயிடும்ப்பா. வாரண்டிய நீ குடுப்பியா?" என்றார். இது அலட்சியப்படுத்தக்கூடிய கேள்வி இல்லை. காரின் விலையில் பெரும்பங்கு பாட்டரி. ஒவ்வொரு முறை நிரம்பி வடியும்போதும் அதன் ஆயுளில் ஒரு துளி போகிறது.

இது பற்றி 2017ல் இரண்டு ஆராய்ச்சிகள் வந்தன. ஹவாய் பல்கலைக்கழகத்தில் மத்தியூ டுபாரியும் அவர் சகாக்களும், கம்பிக்குக் கொடுத்தால் பாட்டரி சீக்கிரம் கெடும் என்றார்கள். இங்கிலாந்தில் வார்விக் பல்கலைக்கழகத்தில் கோதுப் உதீனும் அவர் சகாக்களும், புத்திசாலித்தனமாகக் கொடுத்தால் ஆயுள் கூடவே செய்யும் என்றார்கள். ஒன்றுக்கொன்று நேர் எதிர். அடுத்த வருஷம் உதீனும் டுபாரியும் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். இருவர் சொன்னதிலும் முரண்பாடு இல்லை என்று அதில் காட்டினார்கள். கம்பி கேட்டபோதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தால் தேயும். எந்த அளவில் நின்றால் பாட்டரி சீக்கிரம் மூப்படைகிறது என்று பார்த்துக் கொடுத்தால் தேயாது. முழுக்க நிரம்பி வெயிலில் சும்மா நிற்பதும் பாட்டரிக்குக் கெடுதல். எதிரெதிராக எழுதிய இரண்டு பேர் ஒரு வருஷத்துக்குள் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே கட்டுரை எழுதுவது நம் விமர்சன உலகில் எந்தத் தசாப்தத்தில் நடக்கும் என்று நான் யோசித்துப் பார்த்தேன்.

எனக்கு இருக்கிற சந்தேகம் வேறு. தனித்தனி வண்டிகளோடு மின்சாரக் கம்பெனி பேரம் பேசாது. நடுவில் ஒருவர், ஆயிரம் வண்டிகளை ஒரே கணக்காகத் திரட்டித் தருபவர், வேண்டும். இவர் யாரென்று எனக்கு நன்றாகத் தெரியும், நான் அவரிடம் சம்பளம் வாங்குகிறேன். சும்மா கிடக்கிற பல பேர் பணத்தைத் திரட்டி, எல்லாரும் ஒரே நாளில் எடுக்க வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் கடன் கொடுப்பதுதான் வங்கி. ஆனால் புயல் நாளில் எல்லாருக்கும் அவரவர் வண்டி வேண்டும். கணக்கில் மினிமம் பாலன்ஸ் வைப்பதுபோல, இத்தனை யூனிட்டுக்குக் கீழே என் பாட்டரியைத் தொடாதே என்று சொல்லும் உரிமை சொந்தக்காரரிடம் இருந்தாக வேண்டும். அந்த எண்ணை யார் தீர்மானிப்பது, யார் சத்தமில்லாமல் மாற்றுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் கவுண்ட்டரில் அந்த எண் மாறிய நாட்களில் ஏச்சு வாங்கியவன் நான்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கடக்கப் பார்க்கிறார்கள். 2025ல் அங்கே பொதுவில் வாடகைக்கு விடும் ரெனோ கார்கள் இருவழியில் இயங்கத் தொடங்கின. யாருக்கும் சொந்தமில்லாத வண்டி, அதனால் என் பாட்டரி உன் பாட்டரி என்ற பேச்சு குறைவு. இந்த முயற்சிக்கு வித்திட்ட பேட்டையின் பெயர் லோம்போக். 1894ல் டச்சுக்காரர்கள் படையெடுத்துப் பிடித்த இந்தோனேசியத் தீவின் பெயர். எடுத்தது மட்டுமே, கொடுத்தது இல்லாத ஒரு சரித்திரத்தின் பெயர்ப்பலகைக்குக் கீழே கொள்வினை கொடுப்பினை நடக்கிறது.

நம் மாநிலத்துக்கு இது அந்நியமான தேவை என்று சொல்லமுடியாது. இங்கே காற்றாலைகள் மட்டும் பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேல் நிற்கின்றன. ஆடிக் காற்று நள்ளிரவிலும் அடிக்கிறது, அந்நேரம் கேட்பாரில்லை. ஆனைமலையில் கடம்பாறையில் மிச்ச மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி, வேண்டும்போது இறக்கி 400 மெகாவாட் எடுக்கும் நிலையம் பல காலமாக இருக்கிறது. நாற்பதாயிரம் கார்கள் தலைக்குப் பத்து கிலோவாட் கொடுத்தால் அதுவும் 400 மெகாவாட். ஆனால் கடம்பாறை மணிக்கணக்கில் ஓடும், இடம் மாறாது, பெட்ரோல் பங்குக்குப் போகிறேன் என்று கிளம்பிப் போகாது. தவிரவும் நம் தெருக்களில் மின்சாரத்தில் ஓடுபவை அநேகமாக ஸ்கூட்டர்கள். அவற்றின் வயிறு மூன்று யூனிட். சொந்த ஷெட்டும் சொந்த மீட்டரும் உள்ளவர்களை மனசில் வைத்துப் பிறந்த யோசனை இது என்பதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை. பொது பார்க்கிங்கில் நிற்கும் வண்டி கொடுக்கும் மின்சாரம் எந்த மீட்டரில் ஏறும் என்று எங்கள் அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் கேட்டேன். அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள். அடுத்த கூட்டத்தில் லிஃப்ட் பெயிண்ட் பற்றிப் பேசினார்கள்.

எஞ்சினீயர் பழைய காரை விற்றுவிட்டுப் போன மாசம் புதிது வாங்கியிருக்கிறார். கம்பிக்குத் திருப்பிக் கொடுக்காது. ஆனால் ஒரு பிளக் போட்டு மூன்று கிலோவாட் வரை வீட்டுச் சாமான்களுக்கு எடுக்கலாம். அவராகவே என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் கயிறு போட்டு அளந்தோம். அவர் நிறுத்துமிடத்திலிருந்து மாடிப்படி வழியாக அம்மாவின் கட்டில்வரை 26 மீட்டர். தடித்த ஒயராக வாங்க வேண்டும் என்றார். படிக்கட்டில் ஒயர் இழுக்கக் கூடாது என்று செயலாளர் சொல்கிறார், எழுதிக் கொடுத்திருக்கிறேன். கயிற்றைச் சுருட்டிக்கொண்டே எஞ்சினீயர் சொன்னார்:

"கரெண்ட் மட்டும் போனா எவ்வளவு வேணா எடுத்துக்கோ தம்பி. தண்ணி ஏற ஆரம்பிச்சா வண்டிய மேம்பாலத்துக்கு எடுத்துட்டுப் போயிடுவேன். இப்பவே சொல்லிடறேன்."

சரி சார் என்றேன்.