அம்மாயியின் குரல்

குருவிட்டத் தோட்டத்து லயத்திலே எமக்கு வாய்த்த கணினி மிகப் பழையது. விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளம் கொண்டது. மறைந்த அம்மாயி தாம் கொழுந்து பறித்த நாட்களைப் பற்றிப் பேசியதைத் தம்பி கைத்தொலைபேசியிற் படமாகப் பதிந்து வைத்திருந்தான். ஆண்டுத் திவசத்தன்று அதனைச் சுற்றத்தாருக்குக் காட்ட எண்ணிக் கணினியில் இட்டோம். திரை இருண்டே கிடந்தது. கணினியைக் கடிந்தோம், தட்டியும் பார்த்தோம்!

குற்றம் கணினியினதன்று. எக்ஸ்பி வெளிவந்தது 2001 இல். அப்படத்தைச் சுருக்கிய எச்.265 முறை வகுக்கப்பட்டதோ 2013 இல். பின்னே பிறந்த மொழியை முன்னே பிறந்தவன் எங்ஙனம் அறிவான்? புதிதாய்க் கற்பிப்பாரும் இல்லை. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 ஆம் திகதியோடு முடிவுற்றது.

பின்னர், பல முறைகளையும் படிக்கும் திறனைத் தன்னகத்தே கொண்ட வீஎல்சி என்னும் இலவச மென்பொருளை நிறுவினோம். பாரிஸ் மாணவர்கள் 1996 இல் தொடங்கிய முயற்சியின் பயன் அது. படம் விக்கி விக்கியே நகர்ந்தது. ஆயினும் அம்மாயியின் குரல் தெளிவாய் ஒலித்தது. எவரும் பேசவில்லை, கண்கள் மட்டும் கலங்கின.

அன்றே தம்பி அதனைப் பழைய முறைக்கும் மாற்றி, இரண்டு இடங்களிற் சேமித்தான். மாணவ நண்பர்களே, முதியோர் குரலைப் பதிந்தால் மட்டும் போதாது. நாளையும் திறக்கக்கூடியவாறு காத்து வையுங்கள்.