கூட்டுக் கையெழுத்து

பொன்னைக் கடனாகக் கேட்டால் பலமுறை சிந்திக்கும் நாம், கையெழுத்தைக் கடனாகக் கேட்டால் மட்டும் ஏனோ உடனே இசைந்துவிடுகிறோம். மை காயுமுன் அதனை மறந்தும் விடுகிறோம். கடன் தந்தவர் மறப்பதில்லை, சட்டமும் மறப்பதில்லை.

சென்ற ஆண்டு என் தமக்கையின் மகன், துணி வியாபாரத்தின் பொருட்டு அக்கம்பக்கத்து ஊர்களுக்குச் சென்றுவரப் பழைய கார் ஒன்று வாங்க விழைந்தான். 4 லட்சம் ரூபாய் கடன் வேண்டியிருந்தது. அவனது கடன் மதிப்பெண் மிகத் தாழ்ந்திருந்தமையால் தனியே தர இயலாதென்று கூறிய நிதி நிறுவனம், நல்ல மதிப்பெண் உடைய ஒருவர் கூட்டு விண்ணப்பதாரராக வந்தால் ஆலோசிக்கலாம் என்றது.

“மாமா, உங்கள் கையெழுத்து ஒன்று போதும். தவணையை நான் கட்டிவிடுவேன்” என்று வந்து நின்றான்.

அவன் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் மதிப்பெண் ஏன் தாழ்ந்தது என்பதை அறியாமல் பேனாவைத் திறக்க மனம் ஒப்பவில்லை. 300 முதல் 900 வரை அளக்கப்படும் அம்மதிப்பெண்ணைக் கணிக்கும் நிறுவனங்கள், 2005ஆம் ஆண்டின் சட்டத்துக்கு உட்பட்டவை. ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை அவை இலவசமாகத் தரவேண்டும். அதனை வாங்கிப் பார்த்தோம். 2020இல் தொற்றுநோயால் கடையடைத்த நாட்களில் நின்றுபோன கடன் ஒன்று அதில் இருந்தது. கடன் கொடுத்தவர் பின்னர் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து கணக்கை முடித்திருந்தார். முழுவதும் தீர்ந்ததென்று இவன் எண்ணியிருக்க, ‘செட்டில்டு’ என்றே பதிவாகியிருந்தது. குறைத்துக் கொடுத்து முடித்த கடன், முழுதும் அடைத்த கடனுக்கு ஒப்பாவதில்லை. எஞ்சிய தொகையையும் செலுத்தி, நிலுவையில்லாச் சான்று பெறச் செய்தேன்.

என் நல்ல மதிப்பெண் அவன் மதிப்பெண்ணைக் கழுவிவிடுமா? விடாது. இருவர் அறிக்கைகளையும் அவர்கள் பார்ப்பார்கள். இருவர் அறிக்கைகளிலும் அக்கடன் ஏறும். அவன் தவணை தவறினால் கறை என் ஏட்டிலும் படியும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 43ஆம் பிரிவின்படி, கூட்டாக வாக்களித்தவர்களுள் எவரிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம். பாதிக் கையெழுத்துக்குப் பாதிக் கடன் என்ற கணக்கு அங்கே இல்லை. வண்டியின் பதிவுச் சான்றிலோ உரிமையாளராக அவன் பெயரே இருக்கும். கடன் இருவருக்கு, கார் ஒருவருக்கு!

வட்டி பற்றிய மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடமே கேட்டறிய வேண்டும். வட்டிச்சுமை குறையட்டும் என்று உறவினர் சிலர் கூடி ஒன்றரை லட்சத்தை அழகிய கடனாகக் கொடுத்தோம். எஞ்சியதற்கே விண்ணப்பித்தோம்.

அங்கும் ஒரு கணக்கு ஒளிந்திருந்தது. ‘பத்து விழுக்காடு ஃபிளாட்’ என்றார் தரகர். அடைக்க அடைக்கக் குறையும் அசலுக்கன்றி, முதல்நாள் அசலுக்கே இறுதிவரை வட்டி என்பது அதன் பொருள். நான்கு ஆண்டுகளுக்கு அதனைக் குறையும் நிலுவையில் கணக்கிட்டால் 17 விழுக்காட்டைத் தாண்டுகிறது. அதனை மறுத்து, குறையும் நிலுவை முறையில் தர இசைந்த வேறிடம் சென்றோம்.

கையெழுத்திடுமுன் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் எழுதலாம் என்றேன். தவணைச் செய்திகள் என் கைப்பேசிக்கும் வரவேண்டும். இரு தவணைகள் தொடர்ந்து தவறினால் காரை விற்றுக் கடனை அடைக்க வேண்டும். கடன் தீர்ந்ததும் தடையின்மைச் சான்று பெற்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 35ஆம் படிவம் கொடுத்துப் பதிவுச் சான்றிலுள்ள கடன் குறிப்பை நீக்க வேண்டும். இவ்வளவே அதிலிருந்தவை.

தமக்கையின் முகம் வாடிற்று. “சொந்தத்துக்குள் எழுத்து எதற்குத் தம்பி? என் பிள்ளையை நம்பவில்லையா?”

“லாத்தா, அருள்மறையின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? கடனை எழுதிவைப்பதைப் பற்றித்தானே! எழுதச் சொன்ன இறைவன் உறவைப் பிரிக்கவா சொன்னான்?” என்றேன்.

நெடுநேரம் அவர் பேசவில்லை. பின்னர், “சாட்சிக்கு என் கையெழுத்தையும் வாங்கிக்கொள்” என்றார்.

அல்ஹம்துலில்லாஹ், இதுவரை ஒரு தவணையும் தவறவில்லை. உங்கள் இல்லத்துக்கும் இத்தகைய விண்ணப்பம் வரலாம், அன்பர்களே! மறுப்பதாயின் இனிமையாக மறுத்துவிடுங்கள். இசைவதாயின், முழுக்கடனையும் தாமே அடைக்க நேர்ந்தாலும் உறவு முறியாது என்ற உறுதி நெஞ்சில் உண்டா என்று பார்த்து, அதன்பின் பேனாவை எடுங்கள்.